அடியோடு வெட்டினாலும் மரம் சாகாது
'மரத்தை அடியோடு வெட்டினால் அதோடு முடிந்தது, மறுதாம்பு வெட்டு (அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும்படி மரத்தைத் தரையை ஒட்டி வெட்டும் முறை) காட்டை அழிக்கும் வேலை' என்று சிலர் பயப்படுவது சரியல்ல. ஹேசல், ஓக், ஆஷ் போன்ற அகன்ற இலை மரங்களில் வேர் உயிரோடு இருக்கும். அடிக்கட்டையிலிருந்து தளிர்கள் கொத்தாகக் கிளம்பும். இங்கிலாந்தின் பிராட்ஃபீல்டு காட்டில் 1252-ஆம் ஆண்டிலிருந்தே இப்படி வெட்டிவருகிறார்கள். பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் பெரும்பாலும் துளிர்க்காது, அவற்றைப் பற்றிய அந்தப் பயம் நியாயம்தான்.

கற்றுக்கொள்பவர்கள் இலை உதிர்ந்த குளிர்காலத்தில், தரையை ஒட்டி, மழைநீர் வழிந்தோடும்படி சரிவாக வெட்டுங்கள். அரிவாளைத் தீட்டாமல் மரத்தைத் தொடவே வேண்டாம். மழுங்கிய வாய் பட்டையைக் கிழித்துவிடும். அப்புறம், மான் நடமாடும் இடமென்றால் வேலி கட்டாயம். இளந்தளிரைத் திரும்பத் திரும்ப மேய்ந்தால்தான் கட்டை நிஜமாகவே செத்துப்போகும்.