21 நாளில் 12 கிலோவுக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை

நேற்று அந்தக் குரூப்பில் நடந்ததைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள், மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் வந்து சேர்ந்திருக்கும். எடை குறைக்கும் பேக்கேஜ் ஒன்றை எடுத்து 21 நாளில் 12 கிலோ குறைத்ததாக ஒரு தம்பி பதிவு போட்டிருந்தார். நான் எழுதியது ஒரே வரி: "இவ்வளவு வேகம் உடம்புக்கு ஆகாது தம்பி, ஒருமுறை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்." அதற்குத்தான் எனக்கு "வயிற்றெரிச்சல்" என்று அத்தனை கமெண்ட். ஒருவர் என் புரொஃபைல் படத்தை எடுத்துவந்து "முதல்ல நீங்க குறைங்க அக்கா" என்று போட்டார். அதற்கு நாற்பது சிரிப்பு. அட்மின் என் கமெண்ட்டைத் தூக்கிவிட்டார். சிரிப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

சரி, என் பக்கத்தில் எழுதுகிறேன்.

நான் சொன்னது ஒன்றுதான். வாரத்துக்கு அரை கிலோ, மிஞ்சிப்போனால் ஒரு கிலோ. அதைவிட வேகமாக இறக்க வேண்டுமென்றால் மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இது என் சொந்தக் கணக்கு இல்லை. படித்த டயட்டீஷியன் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

"எடை மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்கள். மெஷின் பொய் சொல்லவில்லை. குறைந்தது என்ன என்று அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. 12 கிலோவும் கொழுப்பு என்றால் 92,400. அதை 21 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 4,400 கலோரி. நம்மில் பலருடைய உடம்பு நாள் முழுக்கச் செலவழிப்பதே அதில் பாதிதான். ஒரு பருக்கைகூட உள்ளே போகாமல் 21 நாளும் படுத்துக் கிடந்தாலும் கணக்கு இடிக்கிறது. அப்படியானால் மீதி என்ன? பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்று ஒரு சர்க்கரைச் சேமிப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டை வெட்டியதும் முதலில் காலியாவது அதுதான். தண்ணீரோடு தசையும் போகிறது. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த வாரமே தண்ணீர் திரும்பிவிடும். தசை அப்படித் திரும்பாது.

இவ்வளவு அடித்துச் சொல்ல உனக்கு என்ன தெரியும் என்கிறீர்களா? நானும் செய்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பேக்கேஜ். இரண்டு வேளை பொடியைக் கலக்கிக் குடிக்க வேண்டும், ஒரு வேளை மட்டும் கொஞ்சம் சாப்பாடு. இரண்டு மாதத்தில் 14 கிலோ. பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். மோதிரம் விரலில் நிற்காமல் நழுவியது, நூல் சுற்றிப் போட்டுக்கொண்டேன். அந்த நூலைப் பார்க்கும்போதெல்லாம் அத்தனை சந்தோஷம்.

மூன்றாவது மாதம் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், சீப்பில், துண்டில் எல்லாம் முடி. குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடையை ஒவ்வொரு நாளும் குனிந்து விரலால் வழித்து எடுப்பேன், ஈரமாக ஒரு உருண்டை கையில் வரும். பொடி விற்றவரிடம் கேட்டேன். "நச்சு வெளியேறுதுக்கா, நல்ல அறிகுறி" என்றார். நான் நம்பினேன். இன்றைக்கும் என்னை அறுப்பது அந்த வார்த்தைதான்.

அப்புறம் ஒரு ராத்திரி வலது விலாவுக்குக் கீழே பிடித்தது. தோள்பட்டை வரை இழுத்துக்கொண்டு போன வலி, நிற்காத வாந்தி. ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "சமீபத்துல வேகமா எடை குறைச்சீங்களா?" எடை மளமளவென்று இறங்கும்போது கல்லீரல் அதிகக் கொலஸ்ட்ராலைப் பித்தநீரில் தள்ளுகிறது. சாப்பாடு குறைவதால் பித்தப்பையும் சரியாகச் சுருங்கி அதை வெளியேற்றுவதில்லை. தேங்கித் தேங்கிக் கல்லாகிறது. பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் நாலு தழும்பு. ஒன்றரை வருஷத்தில் 14 கிலோவும் திரும்பி வந்தது, மேற்கொண்டு மூன்றும்.

"உங்களுக்கு மன உறுதி இல்லை, அதான் திரும்ப ஏறிடுச்சு." இதையும் எழுதினார்கள். 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுச் சோதித்தார். தாங்களாக முன்வந்தவர்கள். நாளைக்குச் சராசரியாக 1,570 கலோரி. இன்றைய பேக்கேஜ்கள் பலவற்றைவிட அது அதிகம். அவர்களுக்கு எப்போதும் குளிர், எரிச்சல், மனச்சோர்வு, ராத்திரி பகலாகச் சாப்பாட்டு நினைப்பு. அவர்கள் எல்லாருக்குமா மன உறுதி இல்லை? பசித்த உடம்பு அப்படித்தான் நடந்துகொள்ளும். அதைக் குணக்கேடு என்று சொல்லாதீர்கள்.

டாக்டர்களே 800 கலோரி டயட் கொடுக்கிறார்களே என்று ஒரு தோழி நியாயமாகக் கேட்டார். கொடுக்கிறார்கள், உண்மை. பரிசோதனை எல்லாம் பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு, கண்காணிப்பில் கொடுக்கிறார்கள். அதற்கும் வாட்ஸப்பில் வரும் அட்டவணைக்கும் என்ன சம்பந்தம்?

மெதுவாகப் போனால் பலன் இருக்காது என்பவர்களுக்கு: 2002இல் வெளியான அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,000 பேருக்கு மேல் இருந்தார்கள். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடற்பயிற்சி, இவைதான் ஒரு பிரிவினருக்கு வைத்த இலக்கு. அவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 31. 80 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்பது 5.6 கிலோ. அதற்கு முன்-பின் படம் போட்டால் யாரும் லைக் போட மாட்டார்கள். ஆனால் உடம்புக்குள்ளே நடக்கும் மாற்றம் அவ்வளவு பெரிது.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். தினமும் நடை. வாரம் இரண்டு நாள் எடை தூக்குகிறேன், தசை போகாமலிருக்க. தட்டில் புரதம் கூட்டினேன், மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். எதையும் ஒரேயடியாக ஒதுக்கவில்லை. நேரத்துக்குத் தூங்குகிறேன். இரண்டு வருஷத்தில் 9 கிலோ. ஏறவில்லை.

நீங்கள் சிரித்தீர்களே, அந்தப் படம் இந்த 9 கிலோவும் குறைந்த பிறகு எடுத்தது. நான் ஆசையாக எடுத்துக்கொண்ட படம். ஐந்து வருஷமாகக் குரூப் போட்டோ எதிலும் நிற்காதவள், அன்றைக்குத்தான் நானாகப் போனை நீட்டினேன். அதை எடுத்துவந்து அங்கே போட்டீர்கள்.

ராத்திரி இன்பாக்ஸில் ஒரு சின்னப் பெண் வந்தாள். யாரென்று சொல்ல மாட்டேன். "அக்கா, நானும் அதான் எடுக்கறேன். எழுந்தா கண்ணு இருட்டுது. ரெண்டு மாசமா பீரியட்ஸ் வரல. வீட்ல தெரியாது. நிறுத்தினா திரும்ப குண்டாயிடுவேனா?" கண் இருட்டுவதைவிடக் குண்டாகிவிடுவோமோ என்பதுதான் அவளுக்குப் பயம். அந்தப் பயத்தை அவளுக்கு யார் கொடுத்தது? நாற்பது பேர் சேர்ந்து ஒருத்தியின் படத்தைப் பார்த்துச் சிரித்ததை அவளும்தானே படித்திருக்கிறாள்! அம்மாவிடம் சொல், காலையிலேயே டாக்டரிடம் போ என்று ஒரு மணி வரை பேசிக்கொண்டிருந்தேன். இன்னும் பதில் வரவில்லை.

அட்மினுக்கு ஒரு வேண்டுகோள். என் கமெண்ட்டைத் திரும்பப் போட வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். அந்தப் பதிவின் கீழே "எங்கே கிடைக்கும், ரேட் என்ன" என்று கேட்டு நிற்பவர்களுக்கு இதை மட்டும் எழுதுங்கள்: வலது விலாவுக்குக் கீழே வலித்தாலோ, தலை சுற்றினாலோ, மாதவிலக்கு நின்றாலோ பொடி விற்றவரிடம் கேட்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். என் பெயர் போட வேண்டியதில்லை.