பீச்சம் மாத்திரை வாங்கியவர்கள் ஏமாளிகள் இல்லை

விக்டோரியா காலத்து மருந்து விளம்பரங்களை இப்போது நிறையப் பேர் பகிர்கிறார்கள். இடுப்பில் மின்சாரப் பட்டை கட்டிய மீசைக்காரர், மாத்திரை சாப்பிட்டுக் கன்னம் சிவந்த பெண், இழந்த நரம்புச் சக்தி திரும்பும் என்ற வாக்குறுதி. கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "இதையெல்லாம் காசு கொடுத்து வாங்கியிருக்காங்களே!" என்று கருத்துகள்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. பல வருடமாக மருந்துக்கடையில் நிற்பவன் நான். "ரொம்ப டயர்டா இருக்கு, ஏதாவது டானிக் குடுங்க" என்று வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அன்று இங்கிலாந்தில் அந்த மாத்திரைகளை வாங்கியவர்களும் இவர்களைப் போன்றவர்கள்தான். அவர்களுடைய சோர்வு நிஜம். கேள்வி கேட்க வேண்டியது விற்றவரை, விளம்பரக் காசு வாங்கிய பத்திரிகையை, இருவருக்கும் மேலே உட்கார்ந்து வரி வசூலித்த அரசாங்கத்தை.

பீச்சம் மாத்திரையையே எடுத்துக்கொள்வோம். தாமஸ் பீச்சம் சிறுவயதில் ஆடு மேய்த்தவர். 1840களில் மாத்திரை விற்கத் தொடங்கி, பிறகு செயின்ட் ஹெலன்ஸ் நகரில் காலூன்றினார். பித்தக் கோளாறு, நரம்புக் கோளாறு, தலைவலி, மலச்சிக்கல், பெண்களுக்கு வரும் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே மாத்திரை. விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி.

அந்த ஒன்றரைப் பென்னி எங்கிருந்து வந்தது? அது அரசு வரி. இம்மாதிரி மருந்துகளுக்கு முத்திரை வரி போடும் சட்டம் 1783-லேயே வந்துவிட்டது. ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு ஒன்றரைப் பென்னி முத்திரை. அதனால்தான் எத்தனையோ மருந்துகள் அதே விலையில் விற்றன.

1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மருந்துகளை ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து ஒரு புத்தகமாகவே வெளியிட்டது. பீச்சம் மாத்திரைக்குள் இருந்தவை கரியபோளம், இஞ்சி, சோப்பு. கரியபோளம் என்பது நம் நாட்டு மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ந்த கற்றாழைப் பால்தான்; நன்றாகப் பேதியாகும். 56 மாத்திரை கொண்ட ஒரு பெட்டிக்கான சரக்கின் விலை அரை ஃபார்திங் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்திங். அப்படியானால் சரக்கு விலை ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாங்கியவர் சரக்கு விலையைப் போல 108 மடங்கு கொடுத்தார். அரசாங்கம் ஒவ்வொரு பெட்டியிலும் அதைப் போல 12 மடங்கை வரியாக மட்டும் எடுத்துக்கொண்டது.

இதைவிட மோசம் அந்த முத்திரை இருந்த இடம். பெட்டியின் மேல் சீல் மாதிரி ஒட்டப்பட்டிருக்கும். சாதாரண ஆள் என்ன நினைப்பார்? ராணியின் அரசாங்கமே இதைச் சோதித்துப் பார்த்து முத்திரை குத்தியிருக்கிறது என்றுதான். விற்றவர்களும் அதைத்தான் ஊட்டினார்கள்: அரசு முத்திரை இல்லாதது போலி, ஏமாறாதீர்கள். பிற்காலத்தில் 'இது அரசின் உத்தரவாதம் அல்ல' என்ற வரியை முத்திரையில் சேர்த்தார்கள். யார் அதைப் படித்திருக்கப் போகிறார்கள்? இவற்றுக்குப் பேடன்ட் மருந்து என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலானவற்றுக்குப் பேடன்ட், அதாவது காப்புரிமை, கிடையாது. காப்புரிமை வாங்க வேண்டுமென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும். 1868-ஆம் ஆண்டு மருந்தகச் சட்டம் விஷச் சரக்குகளின் விற்பனைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோதும் பேடன்ட் மருந்துகளுக்கு விலக்கு கொடுத்தது. அபின் கலந்த குழந்தை மருந்துகள் அதற்குப் பிறகும் தாராளமாக விற்றன. அழும் பிள்ளையை அபினால் தூங்க வைத்துவிட்டு ஆலைக்குப் போன தாயை அந்தக் காலத்து எழுத்துகள் நிறையவே திட்டியிருக்கின்றன. அந்தப் புட்டியை விற்க அனுமதித்தவர்களை அந்த அளவுக்குத் திட்டவில்லை.

சரி, மக்கள் ஏன் டாக்டரிடம் போகவில்லை? பெரிய மருத்துவரின் வழக்கமான கட்டணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். பண்ணைக் கூலியின் வாரச் சம்பளம் அதைவிடக் குறைவு. 'ஒரு பெட்டி ஒரு கினி பெறும்' என்ற பீச்சம் விளம்பரம் குறிவைத்தது இந்த இடைவெளியைத்தான். அப்படியே கினி கொடுத்துப் போனாலும் கிடைத்தது என்ன? அந்த நூற்றாண்டின் முதல் பாதியில் ரத்தம் வடிய விடுதல், பாதரச மருந்து, கடும் பேதி. பேதிக்குத்தான் போகவேண்டும் என்றால் பதின்மூன்றரைப் பென்னியில் வீட்டிலேயே போய்க்கொள்ளலாம் என்று ஒரு ஏழை நினைத்தால் அதில் முட்டாள்தனம் எங்கே இருக்கிறது?

எல்லாமே வெறும் மாவு உருண்டையும் இல்லை. டாக்டர் வில்லியம்ஸின் இளஞ்சிவப்பு மாத்திரை என்று ஒன்று. அதன் உரிமையைக் கனடாவின் பிராக்வில் நகர வியாபாரி ஜார்ஜ் ஃபுல்ஃபோர்டு 1890-இல் வெறும் 53 டாலர் சொச்சத்துக்கு வாங்கி உலகம் முழுக்க விற்றார்; பின்னாளில் கனடா செனட்டராகவும் ஆனார். அதில் இருந்த முக்கியச் சரக்கு இரும்பு உப்பு, நாம் அன்னபேதி என்று சொல்வது. வெளிறிப்போன முகத்தோடு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் இளம்பெண்களுக்கு ரத்தசோகைதான் காரணம் என்றால், அந்த இரும்பு உண்மையாகவே கொஞ்சம் உதவியிருக்கும். இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் இரும்பு மருந்து அன்று எந்த டாக்டருக்கும் தெரிந்த சாதாரணச் சரக்கு. அதற்குச் சாயம் பூசி, பக்கவாதத்துக்கும் தண்டுவட நோய்க்கும் நரம்பு ஓய்ந்து போனதற்கும் இதுவே மருந்து என்று அச்சிட்டதுதான் குற்றம். ஒருத்திக்கு நிஜமாகவே குணமானதை வைத்து, குணமாக வழியே இல்லாத இன்னொருவருக்கு விற்றார்கள்.

எனக்கு அதிகக் கோபம் வருவது இளைஞர்களை வைத்து நடந்த வியாபாரத்தில். நரம்புத் தளர்ச்சி என்று தலைப்பிட்ட சிறு புத்தகங்களைத் தெருவில் கொடுப்பார்கள், உறையில் ஒட்டித் தபாலில் அனுப்புவார்கள். இளம் வயதுப் பழக்கத்தால் உன் சக்தியெல்லாம் வடிந்துவிட்டது, முதுகுவலி, ஞாபகமறதி, கூச்சம் எல்லாம் அதன் அறிகுறி, அடுத்தது பைத்தியம், சாவு என்று அதில் இருக்கும். கூச்சம் இல்லாத பதினெட்டு வயதுப் பையன் யார்? பயந்தவன் கடிதம் எழுதுவான். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் பறித்தவர்களும் இருந்தார்கள். இந்தப் பயத்தைப் போலி வைத்தியர்கள் மட்டும் கிளப்பவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பிரான்சின் லாலமாண்ட், லண்டனின் ஆக்டன் போன்ற படித்த, மதிக்கப்பட்ட மருத்துவர்களும் இப்படி எழுதினார்கள். போலிகள் அதை எடுத்துப் பெரிதாக்கிக்கொண்டார்கள்.

1869-இல் நியூயார்க்கின் ஜார்ஜ் பியர்டு நியூரஸ்தீனியா என்று நரம்புச் சோர்வுக்கு ஒரு நோய்ப்பெயரே கொடுத்துப் பிரபலமாக்கினார். உடம்பில் நரம்புச் சக்தி ஓர் அளவுதான் இருக்கிறது, செலவழித்தால் தீர்ந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். தீர்ந்ததை நிரப்ப ஆள் வராமல் இருப்பார்களா? பாஸ்பரஸ் டானிக் வந்தது, கோகா இலை ஒயின் வந்தது, லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஹார்னஸ் என்பவர் மின்சாரப் பட்டைகளுக்குப் பெரிய மாளிகையே வைத்தார். அந்தக் கம்பெனி 1890களில் வழக்குகளிலும் பத்திரிகை அம்பலப்படுத்தலிலும் நொறுங்கியது. ஹார்னஸைப் போல எல்லாரும் மாட்டவில்லை. தாமஸ் ஹாலோவே மாத்திரையிலும் களிம்பிலும் சம்பாதித்து, விளம்பரத்துக்கு மட்டும் வருடம் 50,000 பவுண்டு வரை செலவழித்தார். அந்தப் பணத்தில் எழுந்த பெண்கள் கல்லூரியை 1886-இல் விக்டோரியா ராணியே திறந்து வைத்தார். மனநோயாளிகளுக்காக ஒரு பெரிய மருத்துவமனையும் ஹாலோவே கட்டினார். நல்ல காரியங்கள்தான், மறுக்கவில்லை. பணம் யாருடையது என்பதை மட்டும் நான் மறக்கத் தயாராக இல்லை.

பத்திரிகைகளுக்கு வருகிறேன். மருத்துவச் சங்கம் அந்த 1909 புத்தகத்துக்கு விளம்பரம் கொடுக்கப் போனபோது பல பத்திரிகைகள் காசு கொடுத்தும் போட மறுத்தன. மாத்திரை விளம்பரம் அவர்களுக்கு அவ்வளவு பெரிய வருமானம். எது உண்மை என்று தெரிந்துகொள்ளும் வழியையும் வாசகருக்கு அடைத்துவிட்டு, அப்புறம் அவரையே ஏமாளி என்பது என்ன நியாயம்?

1912-இல் நாடாளுமன்றம் ஒரு குழு போட்டது. குழு விரிவாக விசாரித்தது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கலந்து, எந்த நோய்க்கும் மருந்து என்று விற்கலாம், தடுக்கச் சட்டத்துக்குச் சக்தியில்லை என்ற முடிவுக்கு வந்தது. அறிக்கை வெளியான நாள் 1914 ஆகஸ்ட் 4. அன்றுதான் பிரிட்டன் ஜெர்மனிமேல் போர் அறிவித்தது. அறிக்கையை யார் தேடப்போகிறார்கள்? உள்ளே என்ன இருக்கிறது என்று லேபிளில் சொல்லியாக வேண்டும் என்ற சட்டம் 1941-இல்தான் வந்தது. மருந்து முத்திரை வரியும் அப்போதுதான் ஒழிந்தது. இடைப்பட்ட 27 வருடமும் வரி வந்துகொண்டே இருந்தது.

நம் நாட்டில் 1954-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, மருந்துகள் மற்றும் மந்திரப் பரிகாரங்கள் சட்டம். எந்தெந்த நோய்களுக்குக் குணமாகும் என்று விளம்பரம் செய்யக்கூடாதோ அந்தப் பட்டியலில் நரம்புத் தளர்ச்சியும் இருக்கிறது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விற்பவர் மட்டுமல்ல, விளம்பரத்தை அச்சிடுபவரும் அதில் பங்கெடுத்தவராகவே கருதப்படுவார். ஆனாலும் பேருந்து நிலையச் சுவரில் நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து என்ற சுவரொட்டி ஒட்டாத ஊரை நான் பார்த்ததில்லை. தொலைபேசி எண்ணும் முகவரியும் கொட்டை எழுத்தில் இருக்கும். அதை நம்பிப் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, கடைசியில் என் கவுண்டருக்கு வந்து மெதுவான குரலில் "அண்ணே, இது நல்ல மருந்துதானா?" என்று புட்டியைக் காட்டும் பையன்கள் இருக்கிறார்கள். அச்சிட்டவர்மேல் வழக்கு வந்தது என்று மட்டும் இதுவரை எங்கள் ஊரில் நான் கேள்விப்படவில்லை.