உறிஞ்சுது பாருங்க சார், உறிஞ்சுது!

நேற்று சாயங்காலம் பெய்ததை மழை என்று சொன்னால் மழைக்கே கோபம் வரும். அரை மணி நேரம், அவ்வளவுதான். அதற்கே எங்கள் தெருவில் கணுக்கால் மூழ்கத் தண்ணீர். அதுவும் எந்தத் தெருவில்? மழைநீரை உறிஞ்சும் கல், அதிலும் மறுசுழற்சிக் கல் என்று பேனர் கட்டி, தேங்காய் உடைத்து, ஆளுக்கொரு லட்டு கொடுத்துத் திறந்து வைத்த தெருவில்!

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, கொடுங்கையூர்ப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை மற்றவர்கள் தேதியால் ஞாபகம் வைத்திருப்பார்கள். நாம் ஃபிரிட்ஜின் எந்தத் தட்டு வரை தண்ணீர் வந்தது என்று ஞாபகம் வைத்திருக்கிறோம். நம்மிடம் வந்துதான் கல் தண்ணீர் குடிக்கும் என்று வித்தை காட்டினார்கள்.

அந்த வித்தையைச் சொல்லியே ஆகவேண்டும். கல் பதித்து முடித்த கையோடு ஷாமியானா போட்டாகிவிட்டது. ஒரு இன்ஜினியர், ஒரு கான்டிராக்டர், அவருக்கு ஒரு அல்லக்கை, வீடியோ எடுக்க ஒரு பையன். இன்ஜினியர் கையில் ஒரு லிட்டர் வாட்டர் பாட்டில். மூடியைத் திருகினார், வரவில்லை. கான்டிராக்டர் வாங்கித் திருகினார், அவருக்கும் வரவில்லை. அல்லக்கை பல்லால் கடித்துத் திறந்து கொடுத்தான். "ஓடுதா?" என்று இன்ஜினியர் கேமராவைப் பார்த்துக் கேட்டார். ஓடவில்லை. ஓடவிட்டார்கள். பாட்டிலை மெல்லச் சாய்த்தார். பஞ்சபாத்திரத்திலிருந்து தீர்த்தம் கொடுக்கிற குருக்கள்கூட அவ்வளவு சிக்கனமாகக் கொடுக்க மாட்டார்.

கல் குடித்தது. உண்மையாகவே குடித்தது, பொய் சொல்ல மாட்டேன். "உறிஞ்சுது பாருங்க சார், உறிஞ்சுது!" என்று கான்டிராக்டர் கத்தினார். கைதட்டல். வெயிலில் காய்ந்து கிடக்கிற எந்தக் கல்தான் அரை டம்ளர் தண்ணீரைக் குடிக்காது? எங்கள் மொட்டைமாடித் தரைகூடக் குடிக்கும், அதற்கு யாரும் ஷாமியானா போடவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வீடியோ பையன், "சார், இன்னொரு ஆங்கிள்" என்றான். அதே இடத்தில் மறுபடி ஊற்றினார். இந்த முறை தண்ணீர் கல்லின் மேலேயே நின்று எல்லோரையும் பார்த்தது. "கொஞ்சம் தள்ளி ஊத்துங்க சார்." தள்ளி ஊற்றினார். காய்ந்த கல், குடித்தது. கைதட்டல். "க்ளோசப் ஒண்ணு சார்." மறுபடி நின்றது. மறுபடி தள்ளினார்கள். இப்படி ஷாமியானாவின் நிழல் முடிகிற இடம் வரை தள்ளிக்கொண்டே போனார்கள். அதற்குள் முதலில் ஊற்றியதெல்லாம் ஒன்று சேர்ந்து, எதிர்வீட்டு ஆயா அப்போதுதான் போட்டு முடித்திருந்த கோலத்தை நோக்கி நடந்து போய்விட்டது. ஆயா எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாப்பா, எம்வூட்டு வாசல்லதான் உறிஞ்சுதா அது?"

வீடியோவில் ஆயா இல்லை. பின்னணி இசை இருந்தது.

எனக்கு அந்தக் கல்லின் மேல் துளி கோபம் கிடையாது. அது நல்ல கல். மணலைச் சேர்க்காமல், அல்லது பேருக்குக் கொஞ்சம் சேர்த்து, ஜல்லியையும் சிமென்ட்டையும் மட்டும் கலந்து வார்த்தால் உள்ளே நூற்றுக்கு 15 முதல் 25 பங்கு வரை வெற்றிடம் இருக்கும். அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். மலையை வெடித்த ஜல்லிக்குப் பதிலாக, இடித்த வீட்டின் கான்கிரீட்டை உடைத்துச் சேர்க்கலாம். ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் கொண்டுவந்து கால்வாய்க் கரையில் ரப்பீஸ் கொட்டிவிட்டு ஓடுகிறார்களே, அதேதான். செங்கல் தூளையும் பூச்சையும் பிரித்தெடுத்து, சலித்து, கழுவி எடுத்தால் அது சரக்கு. இந்த இடிபாட்டுக் கழிவுக்கென்றே 2016-ல் மத்திய அரசு தனி விதிகளும் கொண்டுவந்தது. கால்வாயை அடைக்கிற குப்பையே மழைநீருக்கு வழிவிடும் கல்லாக மாறுவது எவ்வளவு அழகான யோசனை!

ஆனால் ஐயா, கல் குடித்ததைக் கீழே விட வேண்டாமா? அதற்குக் கீழே இடம் வேண்டாமா? கல்லுக்கு அடியில் பொடி ஜல்லி, அதற்கடியில் 20 எம்.எம்., அதற்கும் அடியில் 40 எம்.எம். என்று படுக்கை போட வேண்டும். ஒரு கன மீட்டர் ஜல்லியின் இடுக்குகளில் மட்டும் 300 முதல் 400 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒரு அடி ஆழத்துக்குப் படுக்கை போட்டால், சுமார் 10 சென்டிமீட்டர் மழையை வாங்கி வைத்துக்கொண்டு நிதானமாக மண்ணுக்கு விடும். மண் களியாக இருந்தால் ஓட்டை போட்ட குழாயைப் பதித்து மிச்சத்தை வடிகாலுக்கு அனுப்ப வேண்டும். இது ஒன்றும் ராணுவ ரகசியமில்லை.

எங்கள் தெருவில் என்ன செய்தார்கள்? பழைய சிமென்ட் ரோடு இருக்கிறதே, அதன் மேல். ஆமாம், அப்படியே அதன் மேல். நாலு விரற்கடை உயரத்துக்கு எம்-சாண்ட் கொட்டி, கல்லை அடுக்கி, இடுக்கில் பொடி ஜல்லி போட வேண்டிய இடத்தில் சிமென்ட் பாலை ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் தெரு முழுக்க இழுத்துப் பூசினார்கள். கல்லின் துளைகளையும் சேர்த்துத்தான். ஏன் என்று கேட்டேன். "அப்பதான் சார் கல்லு ஆடாது." சரிதான், ஆடவில்லை. உறிஞ்சவும் இல்லை.

இதில் ரோடு இன்னொரு ஜாண் உயர்ந்துவிட்டது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். பேப்பரில் படித்து நானும் நம்பினேன். என் தாத்தா இந்த வீட்டுக்குப் படியேறி வந்தார். நான் படியிறங்கி வருகிறேன். என் மகன் ஏணி வைத்துத்தான் இறங்க வேண்டும்போல.

உச்சக்கட்டம் இனிமேல்தான். தெரு ஓரத்தில் மழைநீர் வடிகாலுக்குத் தண்ணீர் இறங்குகிற ஓட்டைகள் இருந்தன. அரைகுறையாக மண் அடைத்துக் கிடந்தாலும் இருந்தன. அந்த ஓட்டைகளின் மேலேயும் கல்லைப் பதித்துவிட்டார்கள்! மேஸ்திரியைப் பிடித்துக் கேட்டால், துளி வெட்கமில்லாமல் பதில்: "அதான் கல்லே உறிஞ்சிடுமே சார், ஓட்டை எதுக்கு?" நான் வாயடைத்து நின்றேன். என்னோடு சேர்ந்து வடிகாலும்.

ஓட்டை திறந்திருந்தால் மட்டும் தண்ணீர் உடனே கடலுக்குப் போய்விடுமா என்று கேட்காதீர்கள். கேப்டன் காட்டன் கால்வாய், அப்புறம் பக்கிங்ஹாம் கால்வாய், அங்கே ஆகாயத்தாமரை, அதைத் தாண்டினால் கடல் ஏற்றம். அதற்குத் தனியாக ஒரு நாள் குமுறிக்கொள்கிறேன்.

நியாயமாக ஒன்று சொல்லிவிடுகிறேன். கான்டிராக்டர் எங்களுக்கு ஒரு நன்மையும் செய்திருக்கிறார். எங்கள் தெரு மேன்ஹோல் மாதத்துக்கு ஒருமுறையாவது பொங்கும். நிஜமாகவே உறிஞ்சுகிற கல்லைப் பதித்திருந்தால் அந்தச் சாக்கடையும் நேராக எங்கள் போர்வெல் தண்ணீருக்கே இறங்கியிருக்கும். சிமென்ட் பால் ஊற்றிக் காப்பாற்றினார், புண்ணியவான். முதலில் சாக்கடையைச் சரிசெய்துவிட்டுப் பிறகு கல் பதிக்கலாமே என்று கேட்பீர்கள். வேறு டிபார்ட்மென்ட் சார் அது.

புகார் கொடுத்தேன். போட்டோ கேட்டார்கள், தண்ணீர் நிற்பதை எடுத்து அனுப்பினேன். ராத்திரி, தண்ணீர் தானாக வடிந்த பிறகு குறுஞ்செய்தி வந்தது: "தங்கள் புகார் தீர்க்கப்பட்டது." தீர்த்து வைத்த சூரிய பகவானுக்கு நன்றி சொல்லப் போனால் இன்றும் மப்பு.

காலையில் ஆயா வாசலில் உட்கார்ந்து முறத்தால் சகதியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் இன்ஜினியர், கான்டிராக்டர், மேஸ்திரி என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே போனேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள்: "வுடு நைனா. அன்னிக்கு பாட்டில் பாட்டிலா ஊத்திக் குடுத்தானுங்கல்ல, அதான் இப்ப வாந்தி எடுக்குது." அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? சகதியில் நின்றுகொண்டு இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.