ஒரு பிழை போனால் இன்னொன்று

இருக்கிற மின்னஞ்சல் முகவரியை வைத்தே அரட்டை அடிக்கலாமே என்ற ஆசையில் ஒரு செயலியைப் போட்டு வைத்திருக்கிறேன், வாரம் தவறாமல் அப்டேட் வருகிறது, "சில பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்ற அதே ஒற்றை வரியோடு. எந்தப் பிழை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? போன மாதம் ஒவ்வொரு செய்தியும் இரண்டு முறை வந்தது. அதைச் சரிசெய்தார்கள். இப்போது செய்தியே வருவதில்லை, திறந்து பார்த்தால்தான் மொத்தமாக வந்து கொட்டுகிறது.

சரி, அவர்கள் பாடும் புரிகிறது. அடியில் ஓடுகிற எஸ்எம்டிபி, அதாவது மின்னஞ்சலை அனுப்புவதற்கான விதிமுறை, 1982-இல் கடிதம் அனுப்புகிற நினைப்பில் எழுதியது. புது அஞ்சல் வந்ததும் உடனே சொல்கிற ஐமேப் ஐடில் என்ற வசதி 1997-இல் வந்தது, அதையும் 29 நிமிடத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிக்காவிட்டால் சர்வர் இணைப்பை அறுத்துவிடலாம். போதாததற்கு, பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று போனே செயலியைத் தூங்க வைத்துவிடுகிறது.

ஆனால் இதையெல்லாம் அம்மாவிடம் எப்படி விளக்குவது? காலையில் அனுப்பிய "வரும்போது பால் வாங்கிட்டு வா" ராத்திரி பத்து மணிக்கு வந்து விழுந்தால் திட்டு வாங்குவது நான்தான். இந்த லட்சணத்தில் நேற்று அனுப்பும் பட்டனின் நிறத்தை வேறு மாற்றியிருக்கிறார்கள், அதை யார் கேட்டார்கள்?