"எனக்கு சயின்ஸ் வராது, ஆனா சமாளிச்சிடுவேன்"

ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பேசும்போதெல்லாம் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத்தானே, எப்படியும் சமாளித்துவிடலாம் என்று. எனக்குப் பயமே அந்தச் சமாளிப்பில்தான். பாடத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்வது, கேள்வி பதிலைப் பலகையில் எழுதிப் போடுவது, செய்முறை வரும் பக்கம் வந்தால் "நேரமில்லை, வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்". இதைப் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை, சரி, எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கல்விச் சமூகவியலாளர் டான் லார்ட்டி 1975லேயே இதைச் சொல்லிவிட்டார்: ஆசிரியராக வருகிறவர் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் மாணவராக உட்கார்ந்து ஆசிரியர்களைப் பார்த்தே பழகியவர். பெஞ்சிலிருந்து பார்த்தால் டீச்சர் என்ன செய்தார் என்பது தெரியும், ஏன் செய்தார் என்பது தெரியாது.

1990ல் எனாக்ஸ், ரிக்ஸ் என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் இருவரும் தொடக்கநிலை ஆசிரியராகப் போகிறவர்களுக்கென்றே ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். அதில் இரண்டு நம்பிக்கைகளைத் தனித்தனியாக அளப்பார்கள். 'என்னால் அறிவியல் கற்பிக்க முடியும்' என்பது ஒன்று, 'நன்றாகக் கற்பித்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்' என்பது இன்னொன்று. முதலாவதைப் பயிற்சியில் ஓரளவு தேற்றிவிடலாம். "சில பிள்ளைகளுக்கு எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறாது" என்று நம்பி வருகிறவரை என்ன செய்வது என்றுதான் நான் பல வருடமாக முழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு பயிற்சி வகுப்பு நினைவுக்கு வருகிறது. பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போவதால்தான் கோடைக்காலம் என்று ஒரு பெண் பாடம் எடுத்தாள். (உண்மையில் பூமி மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர், ஜூலையில் 15.2 கோடி.) ஒரு பையன் எழுந்து, "பூமி மொத்தமாத்தானே பக்கத்துல போகுது, அப்புறம் ஏன் பூமியோட இன்னொரு பாதியில மட்டும் குளிர்காலம்?" என்றான். எவ்வளவு அழகான கேள்வி! "அது உன் பாடத்தில் இல்லை, உட்கார்" என்றாள்.

தப்பாகச் சொன்னது எனக்குப் பெரிதாகப் படவில்லை, நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். டீச்சருக்குத் தெரியாது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் மரியாதை போய்விடும் என்ற நம்பிக்கைதான் அந்தப் பையனை உட்கார வைத்தது. அன்று மாலை டார்ச்சும் பந்துமாக உட்கார்ந்தோம். பந்தைச் சாய்த்துப் பிடித்ததும் ஒரு பாதியில் வெளிச்சம் நேராக விழுந்தது, மறு பாதியில் சரிந்து பரவி மங்கியது. பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்வு என்று பரீட்சையில் எழுதியவள்தான், அன்றுதான் அதைப் பார்த்தாள்.

நாளைக்கு அந்தப் பையனிடம் போய், நேற்று எனக்குத் தெரியவில்லை என்று சொல் என்றேன். அதற்கு மட்டும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை.