சுவருக்குக் கொடுத்தது போதும்

புதன்கிழமை எங்கள் பகுதி பால்வாடியில் நடந்த விழா போட்டோக்களை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், வாழ்த்தும் சொல்லிவிட்டீர்கள். நான் அங்கேயே நின்றிருந்தவள். போட்டோவில் வராததைச் சொல்கிறேன்.

பனியன் கம்பெனிக்காரர்கள் சிஎஸ்ஆர் பணத்தில், அதாவது சமூகத்துக்குச் செலவிட என்று ஒதுக்கும் பணத்தில், சுவருக்கு மஞ்சள் அடித்து, ஒட்டகச்சிவிங்கி வரைந்து, வாசலுக்கு மேலே கம்பெனிப் பெயரை எழுதினார்கள். விருந்தினர் வந்து சேர மணி ஒன்றேகால். அதுவரை சோறு போடவில்லை. அவித்த முட்டை, தட்டுப் போட்டு மூடிய குண்டாவில் ஆறிக் கிடந்தது. மூன்று வயசுகூட ஆகாத ஒரு பையன் பலூனைப் பிடித்தபடியே நாற்காலியில் தூங்கிச் சரிந்தான். அவனைத் தட்டி எழுப்பி, "அங்க பாரு கண்ணு, சிரி" என்றார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அன்றைக்குக் கொடுத்த கலர் நாற்காலிகள் மறுநாளே பரணுக்குப் போய்விட்டன. இருப்புப் பதிவேட்டில் ஏறிய சாமான் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று டீச்சருக்குப் பயம். அவரே இன்னொரு மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். அவர் அங்கே போகும் நாளில் இங்கே ஆயா ஒருவர்தான். சமைக்கவும் அவர், கழுவிவிடவும் அவர், பாட்டுச் சொல்லவும் அவர். அந்த இடத்துக்கு வேண்டியது இன்னொரு ஆள். ஆளுக்குக் கொடுங்கள். சுவருக்குக் கொடுத்தது போதும்.

"அரசாங்கம் செய்ய வேண்டியதைக் கம்பெனியிடம் கேட்கிறாயே?" என்பீர்கள். அரசாங்கத்தையும்தான் கேட்கிறேன். பால்வாடி, அதாவது அங்கன்வாடி, 1975இல் தொடங்கிய திட்டம். இன்றைக்கும் அங்கே வேலை செய்பவர்களுக்கு மத்திய அரசு தருவதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம். 2018இல் உயர்த்தியபோதே மத்திய அரசு நிர்ணயித்தது டீச்சருக்கு மாதம் 4,500, ஆயாவுக்கு 2,250 ரூபாய். மாநிலம் தன் பங்குக்குச் சேர்த்துத் தருகிறது. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) இவர்களும் உரியவர்கள் என்று சொல்ல 2022இல் உச்ச நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

ஆனால் கம்பெனிக்காரர்களிடம் எனக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கான காப்பகம் எங்கே? 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே எழுதினார்கள். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, தாய் ஒரு நாளைக்கு நான்கு தடவை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்றும் சேர்த்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் வேலை செய்யும் கம்பெனியில் காப்பகம் என்று போர்டு இருக்கிறது. துணி வாங்கும் பையர் ஆடிட்டுக்கு, அதாவது சோதனைக்கு, வரும் நாளில் தொட்டில் தொங்கும். மற்ற நாளில் உள்ளே அட்டைப் பெட்டி. சொந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு மட்டும் செய்தால் அது சிஎஸ்ஆர் கணக்கில் சேராது, பால்வாடிச் சுவர் சேரும். அதனால்தானா?

நான் பனியனில் பிசிறு நூல் வெட்டுகிறவள் மகள். அம்மாவுக்கு ஒன்றரை ஷிப்ட், காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை வரை. பால்வாடி சாயங்காலம் பூட்டிவிடும். அதற்குப் பிறகு என்னைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது அப்போது அங்கே வேலை செய்த ஆயாம்மாதான். ராகிக் களி உருட்டிக் குழம்பில் தோய்த்து ஊட்டுவார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் அம்மா அவர் முந்தானையில் 20 ரூபாய் முடிந்துவிடுவார். "வேண்டாம் சாமி" என்பார், அம்மா கேட்கமாட்டார். தாயின் ஷிப்ட் முடியும்வரை பிள்ளையைப் பார்க்க ஒரு ஆளுக்குக் காசு. அம்மாவுக்கு அப்போதே தெரிந்தது இவ்வளவு படித்தவர்களுக்கு ஏன் தெரியவில்லை?

"நீ என்ன கொடுத்தாய்?" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் கேட்டிருந்தார். போன வருஷம் தெருக்காரர்கள் சேர்ந்து பால்வாடிக்குச் சீர் கொண்டுபோனோம். மேளம் வைத்தோம், போட்டோவும் எடுத்தோம், மறைக்கவில்லை. ஆனால் என்ன வேண்டும் என்று முதலில் ஆயாவிடம் கேட்டோம். குக்கருக்குக் கேஸ்கட், இரண்டு கோரைப்பாய், தண்ணீர் டிரம்முக்கு மூடி என்றார். அதைத்தான் தட்டில் வைத்துக் கொண்டுபோனோம். அவை இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கின்றன.

"இப்படிப் பேசினால் கொடுக்கிறவனும் கொடுக்கமாட்டான்" என்று பயமுறுத்தாதீர்கள். எத்தனை வருஷமாக இதையே சொல்லி எங்கள் வாயை மூடுவீர்கள்? பாதியில் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் எங்கள் தெருவில் மட்டும் நான்கு பேர். பிள்ளையை விட இடமில்லை, அவ்வளவுதான் காரணம். கம்பெனி கேட்டில் "தையல் ஆட்கள் தேவை" என்று போர்டு தொங்குகிறது.

இவ்வளவும் எழுதாமல் விட்டிருப்பேன். அன்றைக்கு ஆயாம்மாவும் விழா பார்க்க வந்திருந்தார். ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகிவிட்டன, இடுப்பு வளைந்துவிட்டது. நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, புதுச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராக்காரர், "பாட்டி, தள்ளி நில்லுங்க, பிரேம்ல வர்றீங்க" என்றார். "சரிங்க சாமி" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்புக் கழற்றிப் போட்டிருந்த இடத்தில் போய் நின்றுகொண்டார்.