பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு மறைப்பு வேண்டும்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவிலில் பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) கேட்கப் பக்கத்துப் பங்குகளில் இருந்து சாமியார்கள் வருவார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி, கோவிலில் ஆளுக்கொரு மூலை. மரத்தில் கூண்டு மாதிரி செய்த பழைய பாவசங்கீர்த்தனத் தொட்டி ஒன்றும் இருக்கிறது. அதற்குள் ஒட்டடைக்கம்பும் கிறிஸ்துமஸ் குடில் சாமானும் கிடக்கின்றன.

சாமியார் வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் எனக்கு இல்லை. அந்த ரகசியத்தை நேரடியாக உடைக்கிற குரு அந்தக் கணமே திருச்சபைக்கு வெளியே போய்விடுகிறார். அந்தத் தண்டனையை நீக்கும் அதிகாரம் ரோமாபுரிக்குத்தான். என் கவலையெல்லாம் பின்னால் வரிசையில் நிற்பவர்கள்.

திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சின்னப் பங்குகளில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். தறி வைத்திருப்பவரும் அவரிடம் கூலிக்கு ஓட்டுகிறவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். ஒரு பெண் கொஞ்சம் கூடுதல் நேரம் மண்டியிட்டால் போச்சு. வெளியே வந்ததும் யாராவது ஒரு அத்தை, "ஏங்கண்ணு, அத்தனை நேரம் சாமிகிட்ட என்னதான் சொன்னே?" என்பார். வேடிக்கையாகத்தான் கேட்கிறார், தெரியும். ஆனால் அடுத்த வருஷம் அந்தப் பெண் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை கோவிலுக்கோ கோவை மைக்கேல் பேராலயத்துக்கோ பஸ் ஏறிவிடுவாள். அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. காதில் தற்செயலாக விழுந்ததைக்கூட வெளியே சொல்லக் கூடாது என்று வரிசையில் நிற்பவர்களையும் திருச்சபைச் சட்டம் 983 கட்டுப்படுத்துகிறது. இதை எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

"அப்படியென்றால் சாமியார் அறையிலேயே வைத்துக்கொள்ளலாமே" என்கிறார்கள் சிலர். வேண்டவே வேண்டாம். 2018-ல் கேரளத்தில், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்து ஒரு பெண்ணை மிரட்டியதாக ஆர்த்தடாக்ஸ் சபைப் பாதிரியார்கள் மேல் வழக்கு வந்தது. தேசிய மகளிர் ஆணையத் தலைவர் பாவசங்கீர்த்தனத்தையே ஒழிக்கச் சொன்னார். ஒழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மூடிய கதவுக்குள் இருவர் மட்டும் இருக்கும் ஏற்பாடு நமக்கு எதற்கு?

திருச்சபைச் சட்டம் 964 மறைப்பு, பாதுகாப்பு இரண்டையும் யோசித்தே எழுதப்பட்டிருக்கிறது. இடம் எல்லாரும் பார்க்கும்படி திறந்த இடமாக இருக்க வேண்டும். அங்கே குருவுக்கும் நமக்கும் நடுவே நிலையான கம்பித் தடுப்பு இருக்க வேண்டும். முகத்தைப் பார்த்துப் பேச விரும்புகிறவர்கள் பேசட்டும், நல்லதுதான். தடுப்பைக் கேட்கிறவருக்கு அது இருக்க வேண்டாமா? 16-ஆம் நூற்றாண்டிலேயே மிலான் பேராயர் சார்லஸ் பொரோமியோ இப்படித் தடுப்பு வைத்த தொட்டியைத் தன் மறைமாவட்டத்தில் கட்டாயமாக்கினார். நாம் அதில் ஒட்டடைக்கம்பு வைத்திருக்கிறோம்.

அப்புறம் இந்தக் கேமரா. கொரோனாவுக்குப் பிறகு பல கோவில்களில் பூசை யூடியூபில் நேரலை. ஓரத்தில் மண்டியிட்டு அழுகிறவரும் படத்தில் விழுகிறார்; துபாயில் இருக்கும் சொந்தக்காரர் வரை பார்க்கிறார்கள். பாவசங்கீர்த்தனப் பேச்சைக் கருவியில் பதிவு செய்தால் தண்டனை என்று 2021-ல் திருத்திய திருச்சபைத் தண்டனைச் சட்டம் சொல்கிறது. படத்துக்கு அதில் பேச்சில்லை. கேமராவைப் பீடத்தின் பக்கம் மட்டும் திருப்பி வைக்க என்ன செலவாகிவிடும்?

வரிசையைப் பத்தடி தள்ளி நிறுத்தலாம். பாடற்குழு அந்த நேரத்தில் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்கலாம். காது மந்தமான பெரியவர்கள்தான் பாவம், அவர்கள் சொல்வது கடைசி பெஞ்சு வரை கேட்கிறது. தகுந்த காரணம் இருந்தால் வேறு இடத்தில் கேட்கவும் சட்டம் விடுகிறது. அவர்களை மட்டும் பூசைச் சாமான் வைக்கும் திருப்பண்ட அறைக்குக் கூட்டிப்போய், கதவைத் திறந்தே வைத்து, வாசலில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.